சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாய் வீடு: இறந்தவர் பெயரில் இருந்த வீட்டை விற்ற இரண்டு ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. அப்படி என் கையில் இருந்த ஒரு கோப்பைப் பற்றி, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை விட்டுவிட்டேன், தொகைகளைச் சற்றே முழுமைப்படுத்தியிருக்கிறேன். அம்மா அப்பா விட்டுப்போன வீட்டை விற்கும் நிலையில் நம் குடும்பங்கள் பல இருக்கின்றன. இந்தக் கோப்பில் நல்லபடியாக நடந்ததும் நான் கோட்டைவிட்டதும் அவர்களுக்குப் பயன்படும்.

பின்னணி

அம்மாவுக்கு 81 வயது. 2022 ஏப்ரல் வெள்ளம் வடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே மாதத்தில் வீட்டிலேயே இறந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ஆயா.

வீடு டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில். கணவர் டர்பன் மாநகராட்சித் தொழிலாளி. கல்யாணமான புதிதில் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தார்கள். 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அங்கிருந்த குடும்பங்களை 1960-களில் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது இவர்களும் வந்தார்கள். மாநகராட்சி கட்டிய மாடி வீடு, நடுச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொண்ட இரட்டை வீட்டில் ஒரு பாதி. மாதாமாதம் கட்டி முடித்துச் சொந்தமாக்கினார்கள். 1994-இல் அப்பா போனதும் பெரிய மகள் அலைந்து திரிந்து பத்திரத்தை அம்மா பெயருக்கு முழுவதுமாக மாற்றி வைத்திருந்தார். இது பெரிய உதவி. அப்பாவின் கணக்கையே முடிக்காமல் விட்ட வீடுகளில் ஒன்றுக்கு இரண்டு கோப்பு திறக்க வேண்டியிருக்கும்.

பின்பக்கம் மூன்று அறைகள். முதல் அறை 1985-இல் கட்டியது, சாமான் போட்டு வைத்திருந்தார்கள். அதை ஒட்டி 1997-இல் கட்டிய இரண்டாவதில் ஒரு சிறு குடும்பம் மாதம் 3,200 ராண்டுக்கு வாடகைக்கு இருந்தது. கடைசி அறை 2004-இல் கட்டியது. அதில் ஒரு தனி ஆள், 2,200 ராண்ட். முற்றத்து மூலையில் சிரிங்கா மரம், அதாவது மலைவேம்பு. வேப்பிலை எளிதில் கிடைக்காத இந்த ஊரில் மாரியம்மனுக்கு அதன் இலைதான். மரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல்.

பிள்ளைகள் நால்வர். பெரிய மகள் ஓய்வு பெற்ற ஆசிரியை. அடுத்த மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில். அதற்கடுத்த மகள் ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில். கடைசி மகனுக்கு 47 வயது, கல்யாணம் ஆகவில்லை. தொழிற்சாலை வேலை போன பிறகு எட்டு ஆண்டுகளாக அம்மாவோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர். பின்னறை வாடகையில்தான் வீடு ஓடியது.

சட்டம் பற்றி ஓரிரு வரி சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உயில் செல்லும் என்று நீதிமன்றத்தில் புரோபேட் வாங்குவதுபோல் இங்கே நீதிபதி முன் போவதில்லை. உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் பதிய வேண்டும். சொத்து இரண்டரை லட்சம் ராண்டுக்கு மேல் இருந்தால் அவர் ஒரு எக்ஸிகியூட்டரை, அதாவது இறந்தவரின் சொத்தைக் கையாண்டு பிரித்துக் கொடுப்பவரை, நியமித்துக் கடிதம் கொடுப்பார். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை இறந்தவரின் சொத்தை யாரும் விற்கவோ பிரிக்கவோ கூடாது, பெற்ற பிள்ளையே ஆனாலும்.

முதல் மாதம்: மூன்று பிசகு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் பெரிய மகளும் கடைசி மகனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். சாமி அலமாரியில் காமாட்சி விளக்குக்குப் பின்னால் பிஸ்கட் டின்னில் இருந்த உயிலை அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். மூல உயில். மாஸ்டர் அலுவலகம் நகலை ஏற்காது என்பதால் எனக்கு நிம்மதி. புத்தகக் கடையில் விற்கும் அச்சடித்த படிவம்தான், 2009-இல் எழுதியது. வீடு நான்கு பேருக்கும் சமம், பெரிய மகள் எக்ஸிகியூட்டர், பக்கத்துத் தெருக்காரர்கள் இருவர் சாட்சி. எல்லாம் ஒழுங்கு என்று நினைத்தேன்.

பெரிய மகள் என் மேசையில் உட்கார்ந்து மரண அறிவிப்புப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். வாத்தியார் கை, வலப்பக்கம் சாய்ந்த அழகான எழுத்து. ஆங்கில எம் எழுத்தின் முதல் காலில் சிறு சுழி போடுவார். பக்கத்தில் கிடந்த உயிலிலும் அதே சுழி. "அக்கா, உயிலை யார் எழுதியது?" என்று கேட்டேன். "நான்தான். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அவங்க கையெழுத்து மட்டும் போட்டாங்க" என்றார், எந்தக் கபடமும் இல்லாமல்.

தென்னாப்பிரிக்க உயில் சட்டத்தின் 4ஏ பிரிவு, உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அதைத் தன் கையால் எழுதியவர், அவர்களுடைய அப்போதைய கணவன் அல்லது மனைவி ஆகியோர் அந்த உயிலால் பயன் பெற முடியாது என்கிறது. எக்ஸிகியூட்டராக நியமிப்பதும் பயன் என்றே கணக்கு. ஒரு விதிவிலக்கு உண்டு. உயிலே இல்லையென்றாலும் வாரிசாக வந்திருக்கக்கூடியவர், அப்போது கிடைத்திருக்கும் பங்கின் அளவுவரை வாங்கிக்கொள்ளலாம். உயில் இல்லாமல் போயிருந்தாலும் இந்த வீடு நாலில் ஒரு பங்குதான், அதனால் அவர் பங்குக்கு ஆபத்து இல்லை. எக்ஸிகியூட்டர் நியமனம் மட்டும் நிற்காது.

இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "நான் ஏமாத்தினேன்னு சொல்றாங்களா?" என்று கேட்டார். உயிலை எழுதிய கையே பயன் அடைவதைத் தடுக்கத்தான் இந்த விதி, உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று விளக்கினேன். தம்பி பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும், "அக்கா எழுதினதா அது? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன். பணத்தகராறு பல குடும்பங்களில் இப்படிச் சின்னதாகத்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது பிசகு, பக்கத்துப் பாதி வீட்டுக்காரர் கொடுத்த பணம். காரியம் முடிந்த மூன்றாம் நாளே, "எனக்கே கொடுத்துடுங்க தம்பி" என்று கடைசி மகன் கையில் 10,000 ராண்ட் ரொக்கமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. நிலம், வீடு விற்பனை எழுத்தில் இருந்து கையெழுத்தும் ஆனால்தான் செல்லும் என்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். விற்க அதிகாரம் உள்ளவரும் அன்று யாரும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம், கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். இது பின்னால் எங்களைப் பிடித்தது.

மூன்றாவது, பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கோவை, பத்திரத்தில் வேறொன்று. நம் பெயர்களை அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் டர்பனில் இது அன்றாடம் பார்ப்பதுதான். பிரமாண வாக்குமூலமும் பத்திர அலுவலகத்தில் ஒரு திருத்த விண்ணப்பமும் போதுமாக இருந்தது.

கடிதம் வரும்வரை

நால்வரும் பெரிய மகளையே எக்ஸிகியூட்டராக முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும், அதன்பேரில் மாஸ்டர் நியமிக்கலாம் என்று முடிவானது. தம்பி ஒத்துக்கொள்ள இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அக்கா சொல்ல மறந்ததைச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் வீட்டுக்கும் நேரில் போய்வந்த பிறகுதான் அவர் மனம் இளகியது. பெர்த் மகன் அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் தாள் செல்வதற்கான அப்போஸ்டில் முத்திரை வாங்கி, கூரியரில் அனுப்ப ஐந்து வாரம். இறந்தவரின் பிள்ளை என்பதால் பெரிய மகள் ஜாமீன் தொகை கட்ட வேண்டியதில்லை. வழக்கம்போல் வழக்கறிஞர் துணை உண்டு என்ற உறுதி கேட்டார்கள், கொடுத்தோம். 2022 நவம்பரில் கடிதம் வந்தது.

ஜூனிலிருந்து நவம்பர்வரை ஐந்து மாதம் நாங்கள் எல்லோரும் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். அந்த ஐந்து மாதத்தில் வீட்டை யாரும் அளந்து பார்க்கவில்லை. இந்தக் கோப்பின் பெரிய தவறு இதுதான், அது என்னுடையது. விற்கத்தான் கடிதம் வேண்டும். டேப்பை எடுத்துப் போய் அளக்க எந்தக் கடிதமும் வேண்டாம்.

வாடகையும் தம்பியும்

அம்மா இறந்த நாளிலிருந்து வாடகைப் பணம் இறந்தவரின் சொத்துக் கணக்குக்குச் சேர வேண்டும். கடிதம் வந்ததும் வங்கியில் அதற்கென்று தனிக் கணக்கு திறந்தோம். பெரிய மகள் தம்பியிடம் கணக்குக் கேட்டார். அவர் சாப்பாட்டுக்கே அந்தப் பணம்தான். "எட்டு வருஷம் யாரும் கணக்குக் கேக்கலையே அக்கா" என்றார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் நால்வரும் கூடிப் பேசினார்கள், நானும் இருந்தேன். வீட்டைத் தம்பியே எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பங்கைக் கொடுக்கலாமா என்பது முதல் யோசனை. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி வீட்டுக்கடன் தராது. விற்காமல் வாடகைக்கு விட்டு நால்வரும் பிரித்துக்கொள்ளலாம் என்றார் லெனேசியா மகள். நாலு பேர் பெயரில் ஒரு வீடு, கூரை ஒழுகினால் யார் ஏணி வைப்பது என்று பெரிய மகள் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. விற்பது என்று முடிவானது.

பங்கு என்று வந்தபோது பெர்த் மகன், "அம்மா சமம்னு எழுதியிருக்காங்க, சமமாத்தான் இருக்கணும்" என்றார். பெரிய மகள் வாக்குவாதம் பண்ணவில்லை. மறுநாள் ஒரு பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். தம்பி எழுதியது. கோடு போட்ட நாலு பத்தி: தேதி, காலைச் சர்க்கரை, ராத்திரிச் சர்க்கரை, இன்சுலின் அளவு. ஓரத்தில் ஆர்.கே. கான் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்கள். சில பக்கங்களில் "சாப்பிடல", "கால் வீக்கம்" என்று ஒற்றைச் சொல். ஏழு வருடத்தில் விட்டுப்போன நாள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இரண்டு நாள் கழித்துப் பெர்த்திலிருந்து, "தம்பிக்கு நாப்பது, நமக்கு இருபது இருபது" என்று செய்தி வந்தது.

உயில் சொல்லும் பங்கை வாரிசுகள் எல்லோரும் வயது வந்தவர்களாக இருந்து மனமொத்து எழுதிக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம். 40, 20, 20, 20 என்று ஒப்பந்தம் எழுதினோம். அதே தாளில் தம்பி பத்திரப் பதிவு நாள்வரை வாடகை இல்லாமல் இருக்கலாம், தண்ணீரும் கரண்டும் அவர் பொறுப்பு என்றும் சேர்த்தோம். வாடகை சொத்துக் கணக்குக்குப் போனதும், மற்ற மூவரும் தங்கள் கையிலிருந்து ஆளுக்கு 1,000 ராண்ட் மாதாமாதம் அவருக்குக் கொடுத்தார்கள். விலை பேசும் முன்பே இதை எழுதியது இந்தக் கோப்பில் செய்த நல்ல காரியங்களில் முதலாவது என்பேன். காசு கண்ணில் பட்ட பிறகு இந்தக் கையெழுத்துகள் கிடைத்திருக்காது.

முதல் விற்பனை முறிந்தது

கடன்காரர்களுக்கான அறிவிப்பை அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட்டு 30 நாள் விட்டோம். ஒரு துணிக்கடைக் கணக்கு மட்டும் வந்தது. 2023 பிப்ரவரியில் வீடு சந்தைக்குப் போனது.

2022 பிப்ரவரி முதல் இங்கே விற்பவர் வீட்டின் குறைகளைச் சொல்லும் படிவம் ஒன்றை நிரப்பித்தான் ஆக வேண்டும், அது இல்லாமல் தரகர் விற்பனையை எடுக்கக் கூடாது. பெரிய மகள் கல்யாணமாகிப் போய் நாற்பது வருடம் ஆகிறது, வீட்டில் எது ஒழுகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பச் சொன்னேன். ஏப்ரல் வெள்ளத்தில் பின்மேட்டு மண் சரிந்தது, மாடிப்படிக்கு மேல் ஈரம், பின்னறைகளுக்கு வரைபடம் இருக்கிறதா என்பது தெரியாது என்று எழுதினார்கள். உள்ளது உள்ளபடி விற்கிறோம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது காவல் நிற்காது.

மார்ச்சில் 11 லட்சத்து 50 ஆயிரம் ராண்டுக்கு ஒருவர் வந்தார், வங்கிக் கடன் கிடைத்தால் என்ற நிபந்தனையோடு. குடும்பத்துக்கு ஒரே சந்தோஷம். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, பின்னறைகளுக்கு அனுமதி பெற்ற வரைபடம் கேட்டார். மாநகராட்சியில் தேடியதில் 1985 அறைக்கு மட்டும் இருந்தது. கடன் கிடைக்கவில்லை, ஒப்பந்தம் காலாவதியானது.

வரைபடம்

மே மாதத்தில், பதிவு பெற்ற கட்டட வரைவாளர் ஒருவரைக் கூட்டிப்போய் அளந்தோம். இரண்டாவது அறைவரை பிரச்சினை இல்லை. கடைசி அறையில் டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தவர் நின்று, குதிகாலால் தரையைத் தட்டினார். வேறு சத்தம். கட்டில் காலை நகர்த்தி, லினோலியத்தின் ஓரத்தைத் தூக்கினோம். கீழே வட்டமாக ஒரு இரும்பு மூடி, துரு ஏறி, சிமெண்டோடு சமமாக. மாநகராட்சிக் கழிவுநீர்க் குழாயின் ஆள்நுழைகுழி. 2004-இல் அதன் மேலேயே அறையைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர், "மழைக்காலத்துல நாத்தம் வரும், அது எங்கிருந்துன்னு தெரியாது" என்றார்.

அதற்குமேல் அந்த அறைக்கு அனுமதி கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ரொக்கம் கொடுத்து வாங்குகிற ஒருவர் 7 லட்சத்து 80 ஆயிரம் தருவதாகச் சொன்னார், வரைபடம் எதுவும் கேட்கவில்லை. பெர்த் மகனுக்கு இதுதான் பிடித்தது, தலைவலி தீரும் என்றார். இரண்டாவது வழி, மூன்று அறையையும் இடித்து 1960-களில் இருந்த வீடாகவே விற்பது. வாடகை வரும் என்பதால்தான் சாட்ஸ்வொர்த்தில் ஆட்கள் இப்படிப்பட்ட வீடு தேடுகிறார்கள், அதை இடித்தால் விலை விழும். மூன்றாவது, கடைசி அறையை மட்டும் இடித்துவிட்டு, இரண்டாவதற்குக் கட்டியது கட்டியபடி வரைபடம் போட்டு அனுமதி வாங்குவது. செலவு 50,000 ராண்டுக்குள், காலம் ஆறு மாதத்துக்கு மேல்.

பெரிய மகள் மூன்றாவதைத் தேர்ந்தார். காரணம் இரண்டு சொன்னார். மூன்று லட்சத்தை விட்டுக்கொடுக்க எக்ஸிகியூட்டருக்கு உரிமை இல்லை, அது நாலு பேர் பணம். இன்னொன்று, ஆறு மாதம் தாமதமானால் தம்பிக்கு ஆறு மாதம் கூரை. அன்றும் சரி இன்றும் சரி, நான் அவர் பக்கம்தான்.

கடைசி அறையில் இருந்தவரை எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதற்காக வெளியே தள்ள முடியாது. வாய்மொழி வாடகையும் செல்லும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது குற்றம். ஒரு மாத அறிவிப்புப் போதும் என்றாலும் இரண்டு மாதம் கொடுத்து, கடைசி மாத வாடகையையும் விட்டுக்கொடுத்தார்கள். நாலு தெரு தள்ளி இடம் பிடித்துப் போனார். இரண்டாவது அறைக் குடும்பம் இருந்தபடி இருந்தது. இங்கே விற்பனை வாடகையை முறிக்காது, வாங்குபவர் வாடகைதாரரோடுதான் வாங்குகிறார்.

இரண்டாவது அறை எல்லையை ஒட்டி இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து தேவைப்பட்டது. அதே பத்தாயிரம் ராண்ட் பக்கத்து வீட்டுக்காரர். ஆறு வாரம், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே ஓட்டினார். கடிதம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். பெரிய மகள் வேண்டாம் என்று, தம்பியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனார். அவர் பெண்ணுக்காகத்தான் அந்த வீட்டைக் கேட்டாராம். காரணம் எதுவும் சொல்லாமல் பணத்தை ஒரு கவரில் போட்டு வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துத் திருப்பிக் கொடுத்ததுதான் அவருக்கு வலித்திருக்கிறது. அன்று மாலையே கையெழுத்திட்டார். ஆகஸ்டில் விண்ணப்பம், நவம்பரில் அனுமதி. டிசம்பரில் கடைசி அறையை இடித்தார்கள்.

வீட்டைத் தயார் செய்தது

சமையலறைக்குப் புது டைல் போடலாம் என்று தம்பி ஆசைப்பட்டார். வேண்டாம் என்றோம். வாங்குபவர் தன் ரசனைக்கு எப்படியும் உடைப்பார், போட்ட காசு திரும்பாது. முன்சுவருக்கு வண்ணம், ஈரம் வந்த இடத்துக்குப் பூச்சு, முற்றம் சுத்தம், இவ்வளவுதான்.

சாமான்களை எடுக்கத்தான் நாள் பிடித்தது. அம்மிக்கல்லை இரண்டு பேர் சேர்ந்து வேனில் ஏற்றி லெனேசியாவுக்கு அனுப்பினார்கள். காமாட்சி விளக்கு பெரிய மகளுக்கு. மரத்தடிக் கல்லை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வாங்க வருபவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், அவர் கையில் விட்டுவிட்டுப் போக மனமில்லை. கோயில் பூசாரியை அழைத்துக் கேட்டார்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றிய பிறகு எடுக்கலாம் என்றார். 2023-இல் அந்த முற்றத்தில் கடைசியாக ஒருமுறை கூழ் காய்ச்சி, தெருவுக்கே ஊற்றி, கல்லைப் பால்விட்டுக் கழுவி மஞ்சள் துணியில் சுற்றித் தம்பி தன் அறைக்குள் கொண்டுபோனார். விற்பனைப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. ஆனால் இது நடக்கும்வரை அவர் ஒரு பெட்டியைக்கூடக் கட்டவில்லை, அதற்குப் பிறகு இரண்டே வாரத்தில் மேல்மாடி முழுக்கக் காலி செய்துவிட்டார்.

சான்றுகளில் மின்சாரச் சான்றுக்குச் செலவானது. பின்னறைக்குக் கம்பி வீட்டுப் பலகையிலிருந்து நீட்டுக் கம்பியாகப் போயிருந்தது, சரிசெய்ய 11,400 ராண்ட். டர்பன் கரையோரத்தில் மரம் அரிக்கும் பூச்சிச் சான்று கேட்பது வழக்கம். சட்டமாக இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். பரிசோதகர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் படிக்கட்டுப் பலகையைக் குத்தியபோது மாவுபோல் தூள் கொட்டியது. அந்த ஒரு பலகையை மாற்றியதோடு முடிந்தது.

விற்பனையும் பணமும்

2024 ஜனவரியில் 10 லட்சத்து 80 ஆயிரம் ராண்டுக்கு ஒரு இளம் தம்பதி கேட்டார்கள். முதல் ஒப்பந்தத்தைவிடக் குறைவுதான், ஒரு அறை குறைந்திருக்கிறதே. அந்த ஆண்டு 11 லட்சம்வரை வாங்குபவருக்குப் பத்திர வரி இல்லை. வரைபடத்தைக் காட்டியதும் வங்கி மூன்றே வாரத்தில் கடன் கொடுத்தது. நான்கு வாரிசுகளும் விற்பனைக்கு எழுத்தில் சம்மதம் கொடுத்தார்கள், மாஸ்டர் தன் ஒப்புதலைப் பதிந்தார். டர்பனை நிர்வகிக்கும் இதெக்வினி மாநகராட்சியின் பாக்கியில்லைச் சான்றுக்கு, பழைய தண்ணீர் பாக்கியும் முன்பணமும் சேர்த்து 23,000 ராண்ட் கட்ட வேண்டியிருந்தது. மே மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகத்தில் பதிவானது. அம்மா இறந்து சரியாக இரண்டு ஆண்டு.

பதிவான அன்றே பங்கு கைக்கு வரும் என்று தம்பி நம்பியிருந்தார். வராது. வரவு செலவும் பங்கீடும் காட்டும் கணக்கை மாஸ்டர் பார்த்து முடிக்க வேண்டும், பிறகு 21 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பணம். கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் தர வேண்டிய கணக்கு, முன்பே அவகாசம் வாங்கி வைத்திருந்தோம். வருமான வரித்துறையில் அம்மாவின் கணக்கையும் முடிக்க வேண்டியிருந்தது. மூலதன லாப வரியில் குடியிருந்த வீட்டுக்கு அப்போது இருந்த 20 லட்சம் ராண்ட் விலக்கு, வாடகைக்கு விட்ட பகுதிக்குப் பொருந்தவில்லை. ஆனால் இறந்த ஆண்டுக்கென்று அப்போது இருந்த 3 லட்சம் விலக்குக்குள் அந்தப் பகுதியின் லாபம் அடங்கிவிட்டதால் வரி வரவில்லை.

பதிவுக்கும் பட்டுவாடாவுக்கும் நடுவே நான்கு மாதம், தம்பிக்கு வீடும் இல்லை பணமும் இல்லை. ஷால்க்ராஸில் இரண்டு அறை வீட்டுக்கு முன்பணத்தைப் பெரிய மகள் தன் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார். செப்டம்பரில் பிரித்தது சுமார் 9 லட்சம் ராண்ட். தம்பிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். எக்ஸிகியூட்டருக்குச் சட்டம் அனுமதிக்கும் 3.5 சதவீதக் கட்டணத்தைப் பெரிய மகள் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் அலுவலகம் 2.5 சதவீதம் வாங்கியது. இதைத் தொடக்கத்திலேயே பேசிக் குறைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது நான் மாற்றிக்கொண்டவை

மரண அறிவிப்பை நிரப்பும் அன்றே வரைவாளரை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறேன். பத்திரம், அனுமதி வரைபடம், நிலத்தில் நிற்கும் கட்டடம், மூன்றும் ஒன்றுதானா என்பது முதல் மாதமே தெரிந்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அப்படிச் செய்திருந்தால் முறிந்துபோன விற்பனையும் அதோடு போன ஏழெட்டு மாதமும் மிஞ்சியிருக்கும். தரை விரிப்புகளையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டில் யாராவது குடியிருந்தால், பதிவு நாளிலிருந்து பணம் கைக்கு வரும் நாள்வரை அவர் எங்கே இருப்பார், யார் செலவில் இருப்பார் என்பதையும் பங்கு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்கிறேன். பெரிய மகள் கையில் ஓய்வூதியம் இல்லாமல் போயிருந்தால் தம்பியின் அந்த நான்கு மாதம் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். யாரிடமாவது முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கும்போது நேரில் போய்க் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்றும் சொல்கிறேன்.

உயில் எழுதப் படிவம் வாங்க வேண்டியதே இல்லை. இங்கே செப்டம்பரில் வரும் உயில் வாரத்தில் பல வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் எளிய உயில் எழுதித் தருகிறார்கள். பணம் பிரித்த அதே செப்டம்பரில் பெரிய மகள் தன் உயிலுக்காக வந்தார். கூட வந்த மகன், "நீ சொல்லும்மா, நான் எழுதுறேன்" என்று பேனாவை எடுத்தான். அவர் அதை அவன் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கறிஞரின் அறைக்குள் தனியாகப் போனார்.